குமுளியில் மூன்று ராத்திரி, ஆளுக்கு 4,000 ரூபாய்: ஹாஸ்டலா, லாட்ஜா, கம்பத்திலேயே தங்கிவிடலாமா?

மழைக்கோட்டு (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் தோழியும் ஜூலை இரண்டாம் வாரம் குமுளி, தேக்கடி போகிறோம். ஊர் திருப்பூர். செவ்வாய் போய் வெள்ளி திரும்புவதாகத் திட்டம். சனி, ஞாயிறு என்றால் விலை ஏறிவிடும் என்று வேலையில் நாலு நாள் லீவு சொல்லியாகிவிட்டது. ஆளுக்கு 4,000 ரூபாய்தான், பஸ் செலவும் அதற்குள்.

புக்கிங் ஆப்பில் பார்த்தால் பெண்களுக்கான டார்மில், அதாவது பல கட்டில் போட்ட பொது அறையில், ஒரு படுக்கை 400-லிருந்து 600 வரை காட்டுகிறது. அதில் ஒன்று "ஏரிக்கரை ஹாஸ்டல்" என்று போட்டு, ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் தெரிகிற மாதிரி படம் வைத்திருக்கிறார்கள். அதையே பிடித்துவிடலாமா?

வீட்டில் வேறு பிரச்சினை. "ஹாஸ்டலா? அது படிக்கிற பிள்ளைகள் தங்குகிற இடமாச்சே, உங்களை எப்படிச் சேர்ப்பார்கள்?" என்று அம்மா கேட்கிறார். ஆறு பேர் ஒரே அறையில் என்று சொன்னதிலிருந்து பேச்சே சரியில்லை. தனியாகத் தங்கிப் பழக்கமுள்ள அக்காக்கள் யாராவது சொல்லுங்கள்.

ரெண்டாம்கியர் (திங்கள், இரவு 10.15)

குமுளியில் எதற்குத் தங்குகிறீர்கள்? கம்பத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டியே லாட்ஜ்கள் இருக்கின்றன. இரண்டு பேர் அறை 700, 800-க்குக் கிடைக்கும். குமுளி 25 கிலோமீட்டர்தான், பஸ் வந்துகொண்டே இருக்கும். காலையில் ஏறி ராத்திரி இறங்கிவிடலாம். சாப்பாடும் நம்மூர் விலை. நான் நாலு தடவை இப்படித்தான் போனேன்.

குமுளிக்காரி (திங்கள், இரவு 11.05)

தங்கச்சி, அந்த "ஏரிக்கரை" படத்தை நம்பிக் காசு கட்டிவிடாதே. நான் குமுளியிலேயே பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்கு மேலே வந்த குடும்பம். அம்மா இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். எங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் ஏரி தெரியாது. ஊரில் எந்த மாடியில் நின்றாலும் தெரியாது.

ஏன் என்றால் ஏரி முழுக்கப் பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. 1978-லிருந்து புலிகள் காப்பகம், மொத்தம் 925 சதுர கிலோமீட்டர். அதன் வாசலில், காட்டுக்கு வெளியே இருக்கிற கடைத்தெருதான் குமுளி. ஊரிலிருந்து படகுத் துறைக்கு நாலு கிலோமீட்டர் வரும். நடுவில் வனத்துறை செக்போஸ்ட். ஏரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டுமென்றால் காட்டுக்குள் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மூன்று ஓட்டல்கள் உண்டு: லேக் பேலஸ், ஆரண்ய நிவாஸ், பெரியார் ஹவுஸ். உன் 4,000 அங்கே ஒரு ராத்திரியைத் தாண்டாது. அது தவிர "ஏரிப் பார்வை" என்று எவர் போட்டாலும் அது படகில் போய் எடுத்த படம்.

அதனால் ஏரிக்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்காதே. செக்போஸ்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடக்கிற தூரமா என்று மட்டும் பார். தேக்கடி ரோடு ஓரமாக அமைந்தால் நல்லது. சில ஹாஸ்டல்கள் ஆறு, ஏழு கிலோமீட்டர் தள்ளி ஏலத்தோட்டத்துக்குள் இருக்கும். படுக்கை 350 என்று காட்டும். போக வர ஆட்டோவுக்குக் கொடுத்துப் பார், அப்போது தெரியும் அந்த 350 எவ்வளவு என்று.

ரெண்டாம்கியர் அண்ணன் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. முதல் படகு காலை 7.30-க்கு. மழைக்காலமானாலும் மிருகம் ஏதாவது கண்ணில் பட வேண்டுமென்றால் அதுதான் படகு. வண்டிகளை ஆனவச்சால் பார்க்கிங்கிலேயே நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் உள்ளே போக வேண்டும். அங்கே ஆறேகாலுக்காவது வரிசையில் நிற்கணும். கம்பத்தில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?

ரெண்டாம்கியர் (செவ்வாய், காலை 7.20)

நாலே முக்காலுக்கு எழுந்தேன், என்ன இப்போ? மூன்று ராத்திரிக்கு 1,000 ரூபாய் மிச்சம் ஆகிறதே. பட்ஜெட் என்று சொல்லிவிட்டுத் தூக்கத்தைப் பார்த்தால் எப்படி?

கட்டஞ்சாயா (செவ்வாய், காலை 8.02)

அண்ணா, நீங்கள் பைக்கில் போனவர் போலத் தெரிகிறது. இவர்கள் பஸ்ஸில் போகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை மலைப்பாதை, மழையில். குமட்டல் வருகிற ஆளாக இருந்தால் அந்த 1,000 ரூபாய் எலுமிச்சம்பழத்துக்கே சரியாகிவிடும்.

வாத்தியார்62 (செவ்வாய், காலை 10.30)

உத்தமபாளையத்துக்காரன், ஓய்வு பெற்றவன். வழியைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன். தங்குமிடச் சண்டையை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரிலிருந்து திண்டுக்கல் வழியாகத் தேனி வந்து, அங்கே குமுளி பஸ் பிடியுங்கள். சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு 2023-லிருந்து போடி வரை ரயில் உண்டு, வாரம் மூன்று நாள். தேனியில் இறங்கிக்கொள்ளலாம். பஸ்ஸில் முடிந்தால் ஜன்னலோரம் உட்காருங்கள் அம்மா. லோயர் கேம்ப் தாண்டினதும் மலையிலிருந்து சரிவாக இறங்கும் ராட்சசக் குழாய்கள் தெரியும். முல்லைப் பெரியாறு தண்ணீர் சுரங்கம் வழியாக மலையைக் குடைந்துகொண்டு வந்து, அந்தக் குழாய்களில் இறங்கி, கீழே மின்சாரம் எடுத்த பிறகு எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அதுவே வைகைக்குப் போகிறது. மேலே நீங்கள் டிக்கெட் எடுத்துப் படகில் போய்ப் பார்க்கிற ஏரி, மதுரைக்காரர் குடத்தில் பிடிக்கிற தண்ணீர்தான்.

லோயர் கேம்பில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, 2013 ஜனவரி 15-ல் திறந்தது. அது அவர் பிறந்த நாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் எங்கள் ஊர்களில் அவர் பெயரைச் சொல்லியே பொங்கல் வைப்பார்கள். அரைமணி நேரம் இருந்தால் இறங்கிப் பாருங்கள், அடுத்த பஸ் வந்துவிடும்.

தமிழ்நாட்டு பஸ் எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, செக்போஸ்டைக் கடந்து நடந்தால் கேரளம். இரண்டு நிமிட நடை. பெயர்ப்பலகையின் எழுத்து மாறும், கடைக்காரர் பேசுகிற தமிழ் மாறாது.

ஏரியில் கரும்பூதம் மாதிரி மரக்கட்டைகள் நிற்கும். 1895-ல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது மூழ்கின காட்டின் மரங்கள் அவை. 130 வருடமாகத் தண்ணீரில் நிற்கின்றன. யானை வரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போடுகிறவர்கள் அந்தக் கட்டைகளையாவது நின்று பார்க்கலாம். எவரும் பார்ப்பதில்லை.

தெற்குவாசல் (செவ்வாய், பகல் 12.10)

மூணாறு போங்களேன். அங்கே டிப்போவில் கேரள அரசு பழைய பஸ்களைப் படுக்கை வண்டியாக மாற்றி வாடகைக்கு விடுகிறது. 2020-ல் ஆரம்பித்தபோது படுக்கை 100 ரூபாய். இப்போது கூட்டியிருப்பார்கள். நான் படுத்திருக்கிறேன். ரயில் பெர்த் மாதிரிதான், ராத்திரி கண்டக்டர் எழுப்பி டிக்கெட் கேட்பாரோ என்று பயமாக இருந்தது.

கட்டஞ்சாயா (செவ்வாய், பிற்பகல் 3.45)

சரி, டார்ம் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு மலை ஊர் ஹாஸ்டலில் மூன்று மாதம் வரவேற்பில் உட்கார்ந்தவள். சம்பளம் கிடையாது. படுக்கையும் இரண்டு வேளைச் சாப்பாடும். வாலண்டியர் என்று பெயர் வைப்பார்கள், வேலைக்காரி என்று படித்துக்கொள்ள வேண்டும். அதனால் அடுப்படி வரை தெரியும்.

ஆப்பில் இடத்தைத் தேடிக்கொள், ஆனால் உடனே காசு கட்டாதே. ஹாஸ்டல் நம்பரைக் கண்டுபிடித்து நேராகக் கூப்பிடு. ஆப்காரர்கள் எங்களிடம் 15 சதவீதம் பிடித்தார்கள். நேரடியாக வருகிறவர்களுக்கு அதில் பாதியைக் குறைத்துக் கொடுக்க முதலாளி எங்களிடம் சொல்லியே வைத்திருந்தார். ஜூலை, செவ்வாய்க்கிழமை என்றால் கட்டாயம் குறைப்பார்கள். கூப்பிடும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடு. பெண்கள் டார்முக்குக் குளியலறை உள்ளேயா வெளியேயா? சுடுதண்ணீர் எத்தனை மணி வரை? ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு நேரத்தைச் சொன்னால் நல்ல இடம். "எப்போ வேணாலும் வரலாம்" என்றால் எப்போது வேண்டுமானாலும் யாரும் வரலாம் என்றுதான் அர்த்தம்.

போய்ச் சேர்ந்ததும் பையைக் கட்டிலில் வைக்காதே. தரையில் வை. மெத்தையின் மூலையைத் தூக்கி, தையல் ஓரத்தில் போன் டார்ச் அடித்துப் பார். மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கருப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. சண்டை போடாமல் வேறு அறை கேள். இல்லையென்றால் கிளம்பிவிடு. நான் இருந்த இடத்தில் ஒரே ஒரு கட்டிலில் ஆரம்பித்தது. முதலாளி செலவுக்குப் பயந்து மெத்தையை வெயிலில் போட்டால் போதும் என்றார். மலையில் ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? பத்தே நாளில் எட்டுக் கட்டிலுக்கும் பரவியது. அந்த இடத்தின் பெயர் வேண்டாம். இப்போது சரி செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அடுக்குக் கட்டிலில் கீழ்க் கட்டிலைக் கேட்டு வாங்கு. அதிலும் கதவுப் பக்கம் வேண்டாம், ராத்திரி முழுக்க நடமாட்டம் இருக்கும். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. வீட்டிலிருந்தே ஒரு சின்னப் பூட்டு கொண்டு போ. மழைக்காலத்தில் துண்டு காயவே காயாது. குளியல் துண்டுக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு எடுத்துக்கொள், அதுதான் மின்விசிறிக் காற்றிலேயே காயும்.

அம்மாவிடம் சொல்: லேடீஸ் டார்ம் என்பது ரயிலில் பெண்கள் பெட்டி மாதிரி, வாசலில் ஆள் இருக்கிற பெட்டி. நான் அப்படிச் சொல்லித்தான் வீட்டில் சமாளித்தேன்.

மழைக்கோட்டு (செவ்வாய், இரவு 8.50)

அக்கா, கோடி நன்றி. ரயில் பெட்டிக் கதை எடுபட்டுவிட்டது. அம்மா இப்போது "போர்வை கொண்டு போ" என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்.

தேக்கடி ரோட்டில் ஒரு இடம் கூப்பிட்டுப் பேசினேன். ஆப்பில் 520 போட்டிருந்தார்கள், நேரில் 450 என்றார்கள். பத்தரைக்குக் கதவைப் பூட்டுவார்களாம். இனி அங்கே என்ன செய்வது? ஜீப் சவாரி, யானைச் சவாரி, மசாலாத் தோட்டம், களரி என்று பெரிய பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் கூட்டினால் எங்கள் மொத்தக் காசையும் தாண்டுகிறது. அட்டைக் கடி வேறு பயம்.

குமுளிக்காரி (செவ்வாய், இரவு 10.20)

பட்ஜெட் ஆட்கள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். படுக்கையில் 100 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டு, ஜீப்பில் 1,500 கொடுப்பார்கள். பட்டியலை அப்படியே மூடி வை.

படகு ஒன்று போ. ஒரு நாளைக்கு ஐந்து சவாரி: 7.30, 9.30, 11.15, 1.45, 3.30. கிளம்பும் முன் ஒருமுறை விசாரித்துக்கொள், மழை பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். காட்டுக்குள் போகும் நுழைவுக் கட்டணம் வேறு, படகுக் கட்டணம் வேறு. வாசலில் நின்று இரண்டுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்கிற ஆட்களிடம் கொடுக்காதே, கவுன்டரில் எடு. உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றாதே, எழுந்து நிற்காதே. 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்ததும் ஒரு காரணம் என்று பேசினார்கள். அன்றைக்கு ராத்திரி எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. நான் அப்போது ஸ்கூல் படித்தேன்.

இன்னொன்று, வனத்துறையின் இயற்கை நடை. காட்டுக்குள் இரண்டரை, மூன்று மணி நேரம். ஜீப் செலவில் பாதிகூட ஆகாது, பார்ப்பதோ நாலு மடங்கு. கூட்டிப் போகிறவர்கள் மன்னான், பளியர் பழங்குடிக் குடியிருப்பு ஆட்கள். முன்பு வயணா (காட்டு இலவங்கம்) மரப்பட்டை கடத்திக்கொண்டிருந்தவர்களைச் சேர்த்து வனத்துறை ஒரு குழுவே அமைத்தது, அவர்களும் வழிகாட்டியாக இருக்கிறார்கள். திருட்டுத்தனமாகக் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி காடு வேறு யாருக்கும் தெரியாது. யானை வாடையைக் காற்றில் பிடித்துவிடுவார்கள். நம்மைத் தமிழில்தான் திட்டுவார்கள்: "பேசாம வாங்கம்மா".

அட்டைக்கு முழங்கால் வரை துணி உறை தருவார்கள், கால்சராயை அதற்குள் செருகிக் கட்டிக்கொள். கடித்தால் பிய்க்காதே. உப்பைத் தொட்டு வைத்தால் தானே விழும். ஒரு பொட்டலம் கல் உப்பு பையில் கிடக்கட்டும்.

மசாலாத் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்கி எதற்குப் போக வேண்டும்? காலை ஆறு மணிக்கு எல்லையில் நின்றாலே ஏலத்தோட்டம் உன்னைத் தாண்டிப் போகும். கம்பம், கூடலூரிலிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் ஜீப்பாக வரும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணினால் உனக்கு மயக்கம் வரும். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. சாயங்காலம் திரும்புகிற போது அந்த ஜீப்பிலிருந்தே ஏலக்காய் வாசனை அடிக்கும்.

ரெண்டாம்கியர் (புதன், காலை 6.55)

எல்லாம் சரி, ஹோம்ஸ்டே வைத்திருக்கிறவர் ஹாஸ்டலுக்கு ஆள் அனுப்புகிறார், ஆச்சரியம்தான். உங்கள் வீட்டில் என்ன ரேட்? குறைத்துக் கேட்டால் கொடுப்பீர்களா?

குமுளிக்காரி (புதன், காலை 9.10)

எங்கள் அறை 1,400, காலைச் சாப்பாட்டோடு. இரண்டு பேருக்கு மூன்று ராத்திரி என்றால் அவர்கள் பட்ஜெட் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். அதனால் கூப்பிடவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

குறைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ஜூலையில் கேட்டால் அம்மா குறைப்பார், அறை சும்மா கிடப்பதற்கு இது மேல். ஆனால் மே மாதம் வந்து நின்றுகொண்டு "கம்பத்தில் 700-க்குக் கிடைக்குது" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கேரளாவில் ஹோம்ஸ்டேக்கு அரசாங்கம் டைமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. அதற்கு வந்து பார்ப்பார்கள். குளியலறை முதல் கழிவுநீர் வரை கணக்கு உண்டு. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கணும். விரிப்பு ஈரம் போக ஒரு நாள் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் காயப்போடுகிறார் அம்மா. அந்தக் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

ரெண்டாம்கியர் (புதன், காலை 9.32)

சரி சரி, கோபப்படாதீங்க. அடுத்த தடவை உங்கள் வீட்டுக்கே வருகிறேன். விரிப்பு காய்ந்திருக்கணும், அவ்வளவுதான்.

வாத்தியார்62 (புதன், காலை 11.00)

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. காட்டுக்குள் இருக்கிற கவி என்ற ஊருக்குப் போக ஆசை இருந்தால் ஜீப் வேண்டாம். குமுளிக்கும் பத்தனம்திட்டைக்கும் இடையில் கேரள அரசு சாதாரண பஸ் கவி வழியாகவே ஓடுகிறது. தனி வண்டிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், பஸ்ஸில் போகிறவருக்கு டிக்கெட்டே அனுமதி. காட்டுப் பாதை, அணைகள், தேயிலை, எல்லாம் அந்தச் சாதாரணக் கட்டணத்தில். மழையில் மரம் விழுந்தால் மட்டும் ஓடாது. முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கோட்டு (பதினேழு நாள் கழித்து, சனி, மாலை 6.15)

போய் வந்துவிட்டோம்! சொன்னவர்களுக்கெல்லாம் கணக்கு ஒப்படைக்கிறேன்.

இரைச்சல் பாலத்தில் பஸ் திரும்பினபோதே மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் ஐயா சொன்ன குழாய்கள் பாதிக்கு மேல் மேகத்துக்குள் போய்விட்டன, மேலே எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எல்லையில் இறங்கி நடந்தோம். அந்த இரண்டு நிமிடத்தில் நனைந்த நனைப்புதான் பயணத்திலேயே பெரிய நனைப்பு.

ஆட்டோ அண்ணனிடம் "ஹாஸ்டல்" என்றதும் நேராக வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் கொண்டு போய் நிறுத்தினார். வார்டன் சேச்சி எங்களை மேலும் கீழும் பார்த்து "அட்மிஷனோ?" என்றார். அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லியிருப்பார்.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கட்டஞ்சாயா அக்கா சொன்னபடி பையைத் தரையில் வைத்துவிட்டு டார்ச் அடித்தேன். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துவிட்டார்: "எல்லாரும் இப்போ டாக்டர் மாதிரி மெத்தையைப் பார்க்கிறாங்க." சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விரிப்பில் ஒரு ஈர வாசனை, மூன்று நாளும் போகவில்லை. ஆறு கட்டிலில் நாலு பேர். எங்களோடு கோட்டயத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ், புனேயிலிருந்து ஒரு பெண். நர்ஸ் சேச்சிக்கு லாக்கரைத் திறக்கும் சாவி தொலைந்துபோய் முதல் ராத்திரி அமளி. பூட்டை உடைக்க ஆள் வந்தபோது மணி பதினொன்று. கதவைப் பூட்டிவிட்டதால் அவரை ஜன்னல் வழியாகப் பேசவைத்து, அப்புறம் உள்ளே விட்டார்கள்.

நான் பூட்டு கொண்டு போக மறந்தேன். சொல்லச் சொல்ல மறந்தேன். கடைத்தெருவில் 80 ரூபாய்க்கு வாங்கினேன்.

புதன்கிழமை 7.30 படகு. யானை இல்லை, புலியைக் கேட்கவே வேண்டாம். எல்லாப் பக்கமும் தண்ணீர் இருக்கும்போது மிருகம் ஏரிக்கு எதற்கு வர வேண்டும்? கரையில் தூரத்தில் நாலைந்து மிளா மான்கள், ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம். படகில் பாதிப் பேர் முகம் தொங்கிவிட்டது. நாங்கள் கட்டைகளைப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டை உச்சியிலும் ஒரு நீர்க்காகம், இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு. மழையில் காயவைக்கிறது! எங்கள் துண்டுகளும் அதே நிலையில்தான் இருந்தன. ஒரு கட்டையில் பாம்புத்தாராப் பறவை கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டி வந்து ஏறியது. பக்கத்துச் சீட்டுக் குழந்தை பாம்பு என்று அழுதுவிட்டது.

வியாழன் இயற்கை நடை. மூங்கில் தெப்பத்தில் ஏறி, கயிற்றைப் பிடித்து இழுத்துத் ஏரியின் ஒரு கிளையைக் கடந்தோம். எங்களைக் கூட்டிப்போன அண்ணன் முதல் ஒரு மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரு மரத்தடியில் நின்று, பட்டையில் நகத்தால் ஒரு கீறு கீறி என் தோழியிடம் முகரக் கொடுத்தார். பட்டை வாசனை. "இதைத்தான் முன்னாடி மூட்டை மூட்டையா இறக்கினோம்" என்றார். எங்கே இறக்கினீர்கள் என்று கேட்டேன். மேற்கே பார்க்காமல் கிழக்கே, கம்பம் பக்கம் கையைக் காட்டிவிட்டு நடந்துவிட்டார். உறை கட்டியும் தோழிக்கு இரண்டு அட்டை. உப்பு வேலை செய்தது.

கவி போக முடியவில்லை. வழியில் மரம் சாய்ந்து அன்றைக்குப் பஸ் இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாக வண்டிப்பெரியார் வரை சும்மா பஸ்ஸில் போய்த் தேயிலைக்குள் நடந்துவிட்டுத் திரும்பினோம்.

சாப்பாடு: மதியம் ஊண், ராத்திரி பொறோட்டா. முதல் நாள் டம்ளரில் ரோஸ் நிறத்தில் சுடுதண்ணீர் வைத்ததும் தோழி யாரோ குடித்த டீ டம்ளர் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீராம். மூன்றாம் நாள் அவளே கால் கிலோ வாங்கிப் பையில் போட்டாள், அது அவள் கணக்கு.

என் கணக்கு: படுக்கை 1,350, சாப்பாடு 1,050, காடும் படகும் 900, பஸ்ஸும் ஆட்டோவும் 650. ஆக 3,950. பூட்டு 80. மொத்தம் 4,030.

ரெண்டாம்கியர் (சனி, இரவு 7.40)

கம்பத்தில் தங்கியிருந்தால் பூட்டு வாங்க வேண்டியதில்லை.

கட்டஞ்சாயா (சனி, இரவு 8.05)

அண்ணா!

மழைக்கோட்டு (சனி, இரவு 8.20)

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லைக்குப் போய் நின்றோம், குமுளிக்காரி அக்கா. ஒரு ஜீப்பில் பதினேழு வரை எண்ணினேன். பின்னால் தொங்கிக்கொண்டிருந்த பாட்டி என்னைப் பார்த்து "வேலைக்கு வாறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதுவரவு_சேலம் (ஞாயிறு, காலை 9.00)

இழையை முழுக்கப் படித்தேன், அருமை. நாங்கள் டிசம்பர் கடைசியில் ஆறு வயதுப் பையனோடு போகலாம் என்றிருக்கிறோம். டார்மில் குழந்தையை விடுவார்களா? அப்போது விலை எப்படி இருக்கும்?

குமுளிக்காரி (ஞாயிறு, காலை 11.45)

டார்மில் பெரும்பாலும் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள், கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள். டிசம்பர் கடைசி ஐயப்ப சீசன். ஊரில் விடிய விடிய சரணம், எந்த லாட்ஜிலும் தரை கூட மிஞ்சாது. கிறிஸ்துமஸ் லீவும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி 15 டிகிரிக்குக் கிட்ட இறங்கும், பையனுக்குக் குல்லா வேண்டும். பிப்ரவரிக்குத் தள்ள முடியுமா? தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், யானைக் கூட்டம் கரைக்கு வரும்.

வாத்தியார்62 (ஞாயிறு, பகல் 1.20)

தள்ள முடியாவிட்டால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். சீசனில் போலீஸ் வண்டிகளை ஒருவழியாக்கிக் கம்பம்மெட்டு வழியாக மேலே ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். சொந்தக் காரில் வந்தால் சுற்று. பையனுக்கு வாந்தி வருமென்றால் கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே ஏறலாம்.

புதுவரவு_சேலம் (ஞாயிறு, பகல் 1.50)

அப்போ பிப்ரவரி. அக்கா, அந்த 1,400 அறை பிப்ரவரியில் என்ன விலை?

குமுளிக்காரி (ஞாயிறு, பகல் 2.15)

தனிச்செய்தியில் வாங்க. அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.